உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஒரு சுவர்

ரேணிகுண்டா சாலையில் ஒரு ப்ளைவுட் கடையில் நின்று, பலகைக்குக் கரையான் மருந்து ஏற்றினார்களா இல்லையா என்று கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது. வேதவல்லி அவர்களின் தம்பி ரங்கன். "சுகுணா, அக்கா ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா. கார்த்தால, விடியறச்சே" என்றார். வைணவக் குடும்பங்களில் இறப்பை இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், யாரோ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததைக் கேட்பதுபோல "சரி, சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன். கடைக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "வண்டில ஏத்துங்க, எதுவா இருந்தாலும் ஏத்துங்க" என்றேன். அவர் ஜெயித்த முகத்தோடு ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பலகை இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் சாத்தியிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேதவல்லி அவர்கள் திருப்பதியிலும் சித்தூரிலும் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்தவர். கோவிந்தராஜர் கோயிலை ஒட்டிய தெருவில், தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பிரபந்தம் பாடிச் சேவிக்கும் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் படித்தார். அங்கேயே நல்ல வேலை இருந்தும் திரும்பி வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "ஊர்ல இருக்கறவா ஆத்தையெல்லாம் நான்தானே பாத்துக்கறேன், போறாதா?" என்பார். ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் இருந்தார்.

இறந்தவுடனே எல்லாரும் புனிதராகிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அஞ்சலிகளில் அவரை அன்பே உருவானவர், அமைதியின் வடிவம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவரிடம் ஒருமுறையாவது வேலை கொடுத்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். வேதவல்லி அவர்கள் முன்கோபி. பிடிவாதக்காரர். வீட்டுக்காரர் கேட்டதைச் செய்யாமல், வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்று தனக்குத் தோன்றியதைச் செய்வார். பாதிப் பேர் நடுவிலேயே ஓடிவிடுவார்கள். அவரோடு கடைசிவரை இருந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் எனக்கும் அவருக்குச் சமமாகக் கோபம் வரும் என்பதால்.

அவர் செய்த அறைகளில் எது மிச்சம் இருக்கிறது என்று அவர் போன அன்று யோசித்துப் பார்த்தேன். சித்தூரில் ஒரு கூடம். அவ்வளவுதான். அந்த ஒரு கூடமாவது தனக்குப் பிறகு இருக்க வேண்டும் என்பதுதான் கடைசிக் காலத்தில் அவருடைய ஒரே ஆசை. மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். அந்தக் கூடத்தை மட்டும் விடவில்லை.

நான் விஜயபுரம் பக்கத்து ஆள். வேர்க்கடலை போடும் குடும்பம். புத்தூரில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் சைட் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் வேலை. வரவேற்பறையை அழகுபடுத்த வந்தவர்தான் வேதவல்லி அவர்கள். லாட்ஜ் முதலாளிக்கு டிவியைச் சுற்றித் திருவாசி வைக்க வேண்டும். பெருமாளுக்குப் பின்னால் இருப்பதுபோல, யாளி முகத்தோடு, பொன் வண்ணத்தில். "பக்தர்கள் வர்ற ஊரு மேடம். பாக்கறதுக்கு கிராண்டா இருக்கும்" என்றார்.

"தாராளமா வெக்கலாம். சீரியல்ல மாமியார் அழறச்சே கற்பூரம் காட்டறதுக்கு ஒரு ஆளையும் போட்டுடுங்கோ" என்றார் இவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

நான் சாரத்தின் மேலிருந்து கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். முதலாளி அன்றைக்கே வேறு ஆளை ஏற்பாடு செய்தார். வேதவல்லி அவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மேலே பார்த்து, "சிரிச்சது நீதானே? என்கூட வரயா?" என்றார். என்னைப் பெற்ற நைனா, "கவர்ன்மெண்ட் வேலைக்குப் பரீட்சை எழுதுன்னா இன்னாடீ இது, ஊடு ஊடா போய்க்கினு பொம்மை வெக்கிற வேலை" என்று கத்தினார். நான் போனேன். அந்த லாட்ஜில் டிவி இன்றும் திருவாசிக்குள்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடி மாதத்தில் எங்களுக்கு வேலை இருக்காது. தமிழர்கள் ஆடியில் புதுமனை புக மாட்டார்கள். தெலுங்கர்களுக்கும் அதே சமயத்தில் ஆஷாடம் வந்துவிடும். இரண்டு பக்கமும் கதவு சாத்திவிட்ட அந்த மாதத்தில் வேதவல்லி அவர்கள் என்னை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார். கோயில் குளம் என்று இல்லை. அரண்மனை, பாழடைந்த மண்டபம், பழைய பெரிய வீடு, எங்கெல்லாம் மனிதர்கள் சுவரையோ கூரையையோ தரையையோ அழகு பார்த்து வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம். எனக்கு அப்போது பழைய கட்டடம் என்றால் ஒழுகும் கூரை, உதிரும் பூச்சு, அவ்வளவுதான். "இடிஞ்சி போனதப் பாக்கறதுக்கு இவ்ளோ தூரமா?" என்பேன். "இடிஞ்சதோட போய் நின்னுடறயே. அதுக்கு முன்னாடி அங்க ஒருத்தி கார்த்தால எழுந்து எதைப் பாத்துருப்பாள்னு யோசி" என்பார்.

லேபாட்சிக்கு முதன்முதலாகப் போனபோது, ஓவியக் கூரை இருக்கும் மண்டபத்தில் கல் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். கட்டியிருந்தது புதுப் பட்டுப் புடவை. காவலாளி ஓடிவந்து, "அம்மா, லேவண்டி! லேவண்டி!" என்று எழுப்பினார். இவர் படுத்தபடியே அவரிடம், "படுத்துப் பாக்க வேண்டியதை நின்னுண்டு பாத்தா கழுத்துதான் வலிக்கும்" என்று தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். நான்தான் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டேன். கூரையில் தீட்டியிருந்த பெண்களின் புடவைக் கரைகளை வரைந்துகொண்டு வந்தார். அடுத்த மாதமே திருப்பதியில் ஒரு பல் டாக்டரின் அறைக்கு வேலை வந்தது. சுவரைத் தொடவே இல்லை. கூரை முழுக்க அந்தக் கரைகளைத் தீட்ட வைத்தார். "பல் பிடுங்க வந்தவன் வேற எங்கடி பாப்பான்?" என்றார். டாக்டரே சொன்னார், குழந்தைகள் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு ஊசி போட்டதுகூடத் தெரியாமல் இருக்கிறார்கள் என்று. சில வருடங்களில் டாக்டர் ஏசி மாற்றினார். குழாய் ஓட வேண்டும் என்று ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். இப்போது அங்கே வெள்ளைக் கூரையில் வட்ட வட்டமாக விளக்கு.

அவருடைய வேலையை மாற்றியது செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு. வெயில் கொளுத்திய நாள். நடந்து நடந்து களைத்துப்போய், அந்த வீட்டின் உள்கட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று கூப்பிடுகிறேன், பதிலே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சுவரையே வெறித்துக்கொண்டிருக்கிறார்.

"இங்கியே உக்காந்துக்கினு இன்னா பண்றீங்க? பஸ்சு போயிடும்."

"நீயும் உக்காரு. உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். சுவரின் கீழ்ப்பாகத்தில் சீமை ஓடுகள் பதித்திருந்தார்கள். அதன் மேல் விளிம்பில் பூவேலைப்பாட்டோடு ஒரு வரிசை. நின்றபோது அது ஏதோ ஓரக்கோடுபோலத்தான் தெரிந்தது. உட்கார்ந்ததும் அந்தப் பூக்கள் நேராகக் கண்ணுக்கு எதிரே வந்தன. ஒவ்வோர் இதழும் தெரிந்தது.

"பாக்க வந்தவா எல்லாரும் நின்னுண்டு பாத்துட்டுப் போறா. கட்டினவா உக்காந்து பாத்திருக்கா" என்றார் வேதவல்லி அவர்கள். பஸ்ஸைத் தவறவிட்டோம்.

இது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தகத்தில் யாரும் இப்படி எழுதியிருப்பதாக நான் கேள்விப்படவில்லை. தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று நான் சொன்னபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் முதலில் தரையில் உட்காருவார். காபி குடிக்கிற நேரமாவது அசையாமல் இருப்பார். அதன் பிறகுதான் பென்சிலை எடுப்பார். புதிதாக வேலை கொடுக்க வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியும் மாறிவிட்டது. என்ன வண்ணம், என்ன செலவு என்பதெல்லாம் பிறகு. "ஆத்துல நீங்க எங்க உக்காருவேள்?" வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். சோபாவில்தான் என்பார்கள். இவர் முகம் விழுந்துவிடும்.

சித்தூர் கஜலட்சுமி அம்மாள் மட்டும்தான் வேறு பதில் சொன்னார். அந்தக் குடும்பம் மாம்பழக் கூழ் தயாரித்து விற்கும் குடும்பம். புது வீடு கட்டி, உள்ளே அலங்காரம் செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். "நான் எப்பவும் கீழதாம்மா" என்றார். "பூ கட்றது, காய் அரியறது, டிவி பாக்கறது, சோறு துன்றது, எல்லாம் கீழதான். மேல உக்காந்தா காலு தொங்கிக்கினே இருந்து மரத்துப் போயிடுது."

வேதவல்லி அவர்கள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எங்கே முத்தம் கொடுத்துவிடப் போகிறாரோ என்று நான் பயந்தேன்.

அந்தக் கூடத்துக்குப் போட்ட உழைப்பை வேறு எதற்கும் நாங்கள் போட்டதில்லை. கஜலட்சுமி அம்மாளைத் தரையில் உட்காரச் சொன்னோம். அவர் கண் மட்டத்துக்கு நான் சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்தேன். நான்கு சுவரையும் சுற்றி அதே உயரத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் கூடத்துக்கே அளவு. ஜன்னல்களைக் கீழே இறக்கினோம். சிமெண்ட் வேண்டாம் என்று சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினோம். வேதவல்லி அவர்கள் காளஹஸ்தியிலிருந்து ஓர் ஓவியரை அழைத்துவந்தார். கோட்டின் மேல் ஒரு சாண் அகலத்துக்குக் கூடத்தைச் சுற்றிலும் கிளியும் மாங்காயும். ஒரு கிளியைப்போல இன்னொரு கிளி இருக்கக் கூடாது என்பது ஓவியருக்கு அவர் இட்ட கட்டளை. ஒன்று மாங்காயைக் கொத்தும், ஒன்று கொத்தலாமா என்று பார்க்கும், ஒன்று பக்கத்துக் கிளியோடு சண்டை போடும். "இந்தச் சண்டைக்காரி நீதான்" என்று என்னிடம் ஒன்றைக் காட்டினார்.

வேலை முடிந்த அன்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ நாளு? மேல எல்லாம் மொட்டையா கீதே" என்றார் ஒருவர். கஜலட்சுமி அம்மாள் பாயை விரித்து எல்லாரையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். பேச்சு அப்படியே நின்றுபோனது. ஜன்னல் வழியே தோப்பு தெரிந்தது, அதே உயரத்தில் சுவரில் கிளிகள். வெளியே எது, உள்ளே எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை. இத்தனை வருடம் இடிந்த ஊர்களை எதற்காகச் சுற்றினோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. திருப்பதி வந்து சேர்ந்ததும் வேதவல்லி அவர்கள், "ஒண்ணு பண்ணிட்டோம்டி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கை வர மாட்டேன் என்கிறது. சில வருடங்களில் கஜலட்சுமி அம்மாளுக்கு முட்டி தேய்ந்துபோனது. இரண்டு முட்டிக்கும் அறுவை சிகிச்சை. இனி தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை திலீப் அம்மாவுக்காகப் பெரிய சோபா செட் வாங்கிப் போட்டான். மூன்று சுவரை ஒட்டியும் சோபா. சோபாவின் முதுகு சரியாகக் கிளிகளை மறைத்தது. அளவெடுத்து மறைத்தால்கூட அவ்வளவு கச்சிதமாக வராது.

ஒரு கல்யாணத்தில் யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வேதவல்லி அவர்கள் இலையில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். "நானூறு வருஷத்துச் சுவரெல்லாம் பாத்தேன். எதிர்ல உக்காந்திருந்தவ முட்டியைப் பாக்கலையே" என்றார். "மேல இன்னொரு வரிசை கிளி போட்டுட்டா போச்சு" என்றேன். "அது வேற சுவர்டி" என்றார். பிறகு பாயசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

வாட்ஸ்அப்பில் வாய்ச்சவடால் பேசுகிறவர்கள் அவரை அதன் பிறகு பார்த்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல எல்லாம் போனது. ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியரின் வீட்டில் நாங்கள் போட்ட கறுப்புத் தரை, பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்து உயிரைக் கொடுத்துப் போட்டது, அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டினார்கள். அலிபிரி பக்கம் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில் வேலை கேட்டுப் போனால், வீட்டுக்காரர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டி இதேபோல வேண்டும் என்பார்கள். எல்லார் போனிலும் ஒரே படம்தான். சாம்பல் வண்ணச் சுவர், ஓரத்தில் எல்இடி ஒளிக்கோடு, நடுவில் டிவி. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. நானே அதைத்தான் செய்து கொடுத்து ஆட்களுக்குச் சம்பளம் போட்டேன். வேதவல்லி அவர்கள் அலுவலகத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வண்ண அட்டைகளை அடுக்கி வைப்பார், கலைப்பார்.

பிறகு இடுப்பில் வலி வந்தது. சுளுக்கு என்று நினைத்து, ஊர் வழக்கப்படி புத்தூருக்குக் கட்டுக் கட்டப் போனோம். தொட்டுப் பார்த்த வைத்தியர் கையை எடுத்துக்கொண்டார். "இது கட்டுற நோவு இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரியாண்ட போங்க" என்றார். போனோம். எலும்புக்குள் நோய். இடுப்பில் தொடங்கி முதுகுக்கும் போயிருந்தது. நிற்கலாம், படுக்கலாம், உயரமான நாற்காலியில் கொஞ்ச நேரம் இருக்கலாம். கீழே உட்காருவது மட்டும் இனி முடியாது. கூடம் கூடமாகத் தரையில் உட்கார்ந்து பார்த்த மனுஷிக்கு இப்படி ஒரு தீர்ப்பு. பெருமாளுக்கே பரம்பரையாகப் பாடிய குடும்பம். அவனிடம் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. ரங்கன் வருத்தப்படுவார் என்பதால் இங்கே எழுதவில்லை.

போன மாசியில், "சித்தூருக்கு ஒருதரம் அழைச்சுண்டு போ" என்றார். காரில் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டிப் போனேன். கஜலட்சுமி அம்மாள் வாசலுக்கே வந்து கட்டிக்கொண்டார். "இன்னாம்மா இப்படி எளைச்சிப் போயிட்டே?" என்று கன்னத்தைத் தடவினார். உள்ளே அழைத்துப்போய், மரியாதையாக, பெரிய சோபாவில் உட்கார வைத்தார்கள். கிளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"கொஞ்சம் நகர்த்திப் பாக்கலாமா?" என்று கேட்டார் வேதவல்லி அவர்கள்.

திலீப்பும் டிரைவரும் சோபாவை இழுத்தார்கள். பின்னால் நூலாம்படை. சோபா உரசி உரசிச் சுவர் வெளுத்திருந்தது. அதற்கு மேலே எண்ணெய்த் தலைகள் சாய்ந்த இடமெல்லாம் கறுப்பு. ஒரு மூலையில் போன் சார்ஜ் போட பிளக் பாயின்ட் பதித்திருந்தார்கள், சரியாக ஒரு கிளியின் வயிற்றில். வேதவல்லி அவர்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தார். குனிய முடியவில்லை. கஜலட்சுமி அம்மாளாலும் குனிய முடியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, தங்களுக்காகவே வரைந்ததை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குன்னு செஞ்சிக் குடுத்த, நான் அத வெச்சிக்கல" என்று கஜலட்சுமி அம்மாள் அழ ஆரம்பித்தார்.

"நீங்க என்ன பண்ணுவேள்" என்றார் இவர்.

திலீப் தயங்கித் தயங்கிச் சொன்னான். வீட்டில் கல்யாணம் வருகிறது, கூடத்துச் சுவர்களை மூடிப் புதிதாகப் பலகைப் பேனல் அடிக்கப் போகிறார்கள். வேதவல்லி அவர்கள் யாரிடமும் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று கெஞ்சினார். "வடக்குச் சுவர் கொஞ்சம் நன்னாருக்கு. அதை மட்டும் விட்டுடறயாப்பா?"

"தப்பகுண்டா ஆன்ட்டி. நிச்சயமா விட்டுடறேன்" என்றான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

திரும்பும்போது பூதலப்பட்டைத் தாண்டினோம். நான் ஆறுதலுக்காக, "அதான் உட்டுடறேன்னு சொல்லிட்டானே" என்றேன். பின்சீட்டிலிருந்து, "பிள்ளையாண்டான் நல்லவன். நல்லவாதான் சரின்னு சொல்லிட்டு இடிப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கெட்டவனா இருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் சித்தூரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், நான் உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். "வேலை இன்னும் ஆரம்பிக்கல" என்பேன். தலையைத் திருப்பிக்கொள்வார். அவருக்குத் தெரிந்த கடைசிச் செய்தி அதுதான்.

அவரைக் கிடத்தியிருந்த அறையில் நான் வெகுநேரம் இருந்தேன். வாடகை வீடு. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். வெள்ளைச் சுவரில் ஈரம் பூத்திருந்தது, அவ்வளவுதான். ஊர் வீட்டையெல்லாம் அலங்கரித்தவர் தன் அறைக்கு ஒரு கோடுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. ரங்கனும் கோயில் கோஷ்டியாரும் பாசுரம் சேவித்தார்கள். குரல் உடையாமல் ரங்கன் எப்படிச் சொல்லி முடித்தாரோ, அந்த வைராக்கியம் எனக்கு வராது.

காரியங்கள் முடிந்த சில நாளில் திலீப் போன் செய்தான்.

"அக்கா, ஆன்ட்டி கேட்டத நான் மறக்கல" என்றான். "ஆனா சுவத்துல ட்ரில் போட்டா பொடிப்பொடியா கொட்டுது. சுண்ணாம்பாம், ஸ்க்ரூ நிக்காதாம். நாலு பக்கமும் கொத்திப் போட்டுட்டு சிமெண்ட் பூசினாத்தான் பேனல் புடிக்கும்னு சொல்றாங்க. வடக்குப் பக்கம் மட்டும் உட்டா லெவல் வராதாம்."

அவனே தொடர்ந்தான்.

"அதுக்கு ஒரு ஐடியா பண்ணிகீறேன்க்கா. கொத்தறதுக்கு முன்னால அந்தக் கிளிய நல்ல கேமராவுல போட்டோ எடுத்து, பேனல் மேலயே பிரிண்ட் போடறோம். வடக்குப் பக்கம் பூரா. சோபாவுக்கு மேல, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தெரியற மாதிரி. ஆன்ட்டி ஞாபகமா இருக்கட்டும். நீங்களே வந்து இந்த வேலையச் செஞ்சிக் குடுக்கணும்க்கா. வேற யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரல."

சித்தூருக்குப் போனேன். அவனை உட்கார வைத்துப் பேசினேன். கத்தவில்லை, என்னையே எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்குப் பொறுமையாகப் பேசினேன். பேனலே வேண்டாம், சோபாவை நடுவில் போடலாம் என்றேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நடக்க இடம் இருக்காது என்றான். சுவரைத் தொடாமல் முன்னால் சட்டம் நிறுத்திப் பேனல் அடிக்கலாம், உள்ளேயாவது கிளிகள் இருக்கட்டும் என்றேன். கதவு நிலையை இடிக்கும் என்று கார்பெண்டர் காட்டினார். அதுவும் உண்மைதான். அதை நானே அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு செத்துப்போன மனுஷியின் ஆசை. கஜலட்சுமி அம்மாள் உள்ளறையிலிருந்து வரவே இல்லை. "என்னால முடியாது திலீப், வேற ஆள வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்கு வருத்தம். நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று புரிந்துகொண்டான்.

சுவரைக் கொத்திய அன்று நான் திருப்பதியில் ஓர் அடுக்குமாடியில் ஒளிக்கோடு பதித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று போனில் படம் வந்தது. வேலை முடிந்துவிட்டது. புதுப் பேனல் மின்னுகிறது. சோபாவுக்கு மேலே, நிற்கிறவர் நெஞ்சளவில், கிளிகள். தெளிவாக இருந்த ஒரு கிளியை மட்டும் எடுத்து அதையே வரிசையாகப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் வேதவல்லி அவர்களின் பெயர். கஜலட்சுமி அம்மாள் பக்கத்தில் நின்று கைகூப்பியிருக்கிறார். "எப்படிக்கா கீது?" என்று திலீப் கேட்டிருந்தான். "நல்லா கீது" என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது? அவன் மனசு நல்ல மனசு.

வேதவல்லி அவர்களே, அவனிடம் பொய் சொன்னேன், உங்களிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்தது எதுவும் இப்போது இல்லை. இனிமேல் நான் அலுவலகத்துக்குப் போவேன், போனில் காட்டுகிற படத்தைச் செய்து கொடுப்பேன், ஆடி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பேன். உங்கள் பெயர் ஒரு சுவரில் இருக்கிறது. தகடு நேராகத்தான் பதித்திருக்கிறார்கள். கிளிகள் எல்லாம் ஒரே கிளி. உயரம் தப்பு.

போய் வாருங்கள்.